எண்பத்தொன்றாவது குழி

ஜனவரி 8

அன்புள்ள தங்கைக்கு,

பால் வண்டி ஓட்டுநரிடம் ஒரு கிடாக்குட்டியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வயது மூன்று மாதம். வழியில் இரண்டு இடத்தில் தண்ணீர் காட்டச் சொல்லியிருக்கிறேன். வாங்கிக்கொள்ள மனமில்லை என்றால் அதே வண்டியில் திருப்பி அனுப்பிவிடலாம். ஓட்டுநர் ஒன்றும் கேட்க மாட்டார், முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் பழைய கிடா பாம்பு கடித்து இறந்துவிட்டதாக மாப்பிள்ளை என் மகனிடம் சொன்னாராம். ஆறு வருடமாக நாம் பேசிக்கொள்ளாததற்குக் காரணம் நான் எழுதிய அறிக்கை. நாட்டு ஆட்டு இனங்கள் ஐந்து வளர்ச்சி ஜீன்களில் ஒன்றுக்கொன்று எப்படி வேறுபடுகின்றன என்று ஆராய்ச்சிப் பண்ணையில் பார்த்தோம். உன் இருபது ஆடுகளின் ரத்தமும் அதில் இருந்தது. அவை கலப்பு, தனி இனமாகப் பாதுகாக்கத் தகுந்தவை அல்ல என்று எழுதியவன் நான்தான். அதைப் படித்துவிட்டு உன் அக்கம்பக்கத்தார் எல்லோரும் அந்தக் குள்ள ஆடுகளை விற்றுவிட்டார்கள், நீ மட்டும் விற்கவில்லை என்பதும் தெரியும். அட்டவணையில் வந்ததைத்தான் எழுதினேன். இதை நியாயம் என்று சொல்லவில்லை.

இந்தக் குட்டியை அதே அட்டவணையைப் பார்த்துத்தான் தேர்ந்தேன். இதன் தந்தை பண்ணையின் எண் 81. எட்டு மாதத்திலேயே காய்ச்சலில் போய்விட்டது. உறைவிந்து மட்டும் மிச்சம். முழு வளர்ச்சி எடை பதிவில் இல்லை. ஆனால் அதன் முக்கிய வளர்ச்சி ஜீனில், தாய்வழி தந்தைவழி இரண்டு பிரதியும் சிறிய வடிவம். ஆகவே உன் சின்ன ஆடுகளுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும்.

அடுத்த பக்கத்தில் வேறு ஒரு விஷயம் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அண்ணன்

*

ஜனவரி 19

அண்ணா,

குட்டி வந்தது. திருப்பி அனுப்பத்தான் வாசல் வரை போனேன். அதற்குள் உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை அது தின்றுவிட்டது. அதில் மன்னிப்பு ஏதாவது எழுதியிருந்தீர்கள் என்றால் அது ஆட்டின் வயிற்றில் இருக்கிறது. இன்னொரு முறை எழுத வேண்டாம்.

"உங்க அண்ணன் ஆட்டைத்தானே அனுப்பியிருக்காரு, அறிக்கையை இல்லையே. பேசாம உள்ள கட்டு" என்றார் இவர். கட்டிவிட்டேன். அது நடக்கும் தோரணையைப் பார்த்து 'ஆபீசர்' என்று பெயர் வைத்திருக்கிறார்.

கலப்பு என்று எழுதியதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். என் ஆடு வெள்ளச்சியைப் பற்றி எழுதினீர்களே, 'முதல் மாதிரி கெட்டுவிட்டது, முடிவு இல்லை' என்று, அதுதான் எனக்கு ஆறவில்லை. நானே காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நீங்கள்தான் ரத்தம் எடுத்தீர்கள். என் கண் முன்னால் ஐஸ் பெட்டியில் வைத்தீர்கள். எப்படிக் கெடும்?

உங்கள் எழுத்து இன்னும் எறும்பு ஊர்வது போலவே இருக்கிறது. கை சின்னது என்றால் எழுத்தும் சின்னதாகத்தான் இருக்க வேண்டுமா? அந்தக் கையை அப்பா ஒரே ஒரு காரியத்துக்குத்தான் தேடுவார். குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டால் நீங்கள் அழுதுகொண்டே உள்ளே கை விட்டுத் திருப்புவீர்கள். அழுகைதான் அதிகம், ஆனால் குட்டி வந்துவிடும்.

போன் செய்யாதீர்கள். போனில் பாதி சொல்லி நிறுத்திவிடுவீர்கள், மீதியை நான் ஊகிக்க வேண்டும். எழுதுங்கள். எழுதினால் முழுதாக எழுதுவீர்கள்.

தங்கை

*

ஜூன் 14

அண்ணா,

சும்மா சொல்லக் கூடாது. ஆபீசர் என்ன வளர்த்தி வளர்கிறான் தெரியுமா! எட்டு மாதத்தில் முப்பத்தொரு கிலோ. நம்பாமல் மூன்று முறை தராசில் ஏற்றினேன். என் மந்தையில் பெரியவளே இருபத்திரண்டைத் தாண்டியதில்லை. கொட்டகைக் கதவு அவன் இடித்தே சாய்ந்துவிட்டது.

மே இருபத்திநாலாம் தேதி அவனைப் பெட்டைகளோடு விட்டேன். மூன்றே வாரம், பதினான்கு ஆடுகள் சேர்ந்துவிட்டன. என் மூத்த ஆடு காதறுந்தவள்கூட. இந்த வயதில் அவளுக்கு என்ன ஆசை என்று இவர் கிண்டல் செய்கிறார். சினை ஆடுகளுக்கு நேற்றிலிருந்து சத்துத் தீவனம் கூட்டியிருக்கிறேன்.

உங்கள் மேல் உள்ள கோபம் பாதி போய்விட்டது. மீதி குட்டி போட்டதும் போகும்.

தங்கை

*

ஜூன் 25

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. மகிழ்ச்சி.

சில விவரங்கள் தேவை. வேறு ஒன்றும் இல்லை, பதிவுக்காகத்தான். ஒன்று, முப்பத்தொரு கிலோ என்பது காலையில் தீனிக்கு முன்னால் எடுத்ததா, பின்னாலா? இரண்டு, உன் ஆடுகள் வழக்கமாகப் போடும் குட்டியின் பிறப்பு எடை என்ன? மூன்று, ஒற்றைக் குட்டி அதிகமா, இரட்டையா? நான்கு, கிடாவோடு இன்னும் சேராத ஆடுகள் எத்தனை? அவற்றைக் கொஞ்ச நாள் தள்ளிக் கட்டுவது நல்லது. தீவனத்தையும் அவசரப்பட்டுக் கூட்ட வேண்டாம்.

உடம்பின் அளவை ஒரு ஜீன் மட்டும் தீர்மானிப்பதில்லை. தீனி, பருவம், தாய்ப்பால் எல்லாம் சேர்ந்தது அது. ஜீனில் ஒரு எழுத்து மாறினால் ஆடு யானையாகிவிடாது. இதை உனக்காகச் சொல்கிறேனா எனக்காகச் சொல்கிறேனா என்று தெரியவில்லை.

பழைய குறிப்பேடுகள் கட்டில் அடியில் இருக்கின்றன. இந்த வாரம் எடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

அண்ணன்

*

ஜூலை 10

அண்ணா,

உங்கள் கேள்வித்தாளுக்கு விடை. ஒன்று, காலையில், வெறும் வயிற்றில். இரண்டு, ஒன்றரைக் கிலோ. மூன்று, முதல் ஈற்றுக்கு ஒற்றை, பிறகு இரட்டை. நான்கு, ஐந்து ஆடுகள் மிச்சம். தள்ளிக் கட்டவில்லை. ஏன் என்று சொன்னால் கட்டுவேன். தீவனமும் அப்படித்தான்.

ஒன்றாம் தேதி நீங்கள் போன் செய்ததாக இவர் சொன்னார். "அங்க மழையா?" என்று கேட்டீர்களாம், இல்லை என்றாராம், அப்புறம் ரொம்ப நேரம் மூச்சு மட்டும் கேட்டதாம், பிறகு வைத்துவிட்டீர்களாம். "உங்க அண்ணன் எதையோ முழுங்குறாரு. தொண்டையில நிக்குது" என்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

தங்கை

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

ஓர் உதவி வேண்டும். கிடாவின் முதுகிலிருந்து இருபது முடி, வேரோடு பிடுங்கி ஒரு காகித உறையில் போடு. வேர் முக்கியம். அதேபோல வெள்ளச்சியின் மகளிடமிருந்தும், காதறுந்தவளிடமிருந்தும். உறை மேல் பெயர் எழுது. ஒன்றை ஒட்டி மூடிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். மூன்றும் கலந்துவிடக் கூடாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நான் இருந்த ஆய்வுக்கூடத்தில் இப்போது பொறுப்பில் இருக்கும் அம்மையார் நல்லவர். சோதித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் வரிசையில்தான் வரும் என்கிறார், ஏழெட்டு வாரம் ஆகலாம்.

முடிவு வரும்வரை சொல்வதற்கு ஒன்றும் இல்லை. உறுதியில்லாததைச் சொல்லி உன்னைக் கலவரப்படுத்த விரும்பவில்லை. கால்நடை டாக்டர் உங்கள் பக்கம் என்றைக்கு வருகிறார்?

அண்ணன்

*

ஆகஸ்ட் 16

அண்ணா,

மூன்று உறை இதோடு இருக்கிறது. ஆபீசர் இவரை முட்டித் தள்ளிவிட்டான். முழங்கால் வீங்கிவிட்டது. "மாதிரி எடுக்கப் போய் நானே மாதிரி ஆயிட்டேன்" என்று படுத்துக்கொண்டு புலம்புகிறார்.

டாக்டர் வெள்ளிக்கிழமை மட்டும் வருவார். ஏன்?

நீங்கள் எழுதினால் முழுதாக எழுதுவீர்கள் என்று சொன்னேன். அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். காதறுந்தவளுக்கு மூன்றாம் மாதம்தான் நடக்கிறது. இப்போதே வயிறு தரையைப் பார்க்கிறது.

தங்கை

*

அக்டோபர் 6

அன்புள்ள தங்கைக்கு,

முடிவு இன்று காலை வந்தது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் டாக்டருக்கு ஆள் அனுப்பு. வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காதே. பிறகு மீதியைப் படி.

ஆபீசருக்கு இரண்டு பிரதியும் பெரிய வடிவம். அதன் தந்தை குள்ள ஆடு அல்ல. மலைபோல வளரும் இனத்தைச் சேர்ந்தது, வளர்ந்து காட்டும் முன்பே இறந்துவிட்டது. தாயிடமும் பெரிய வடிவம் ஒன்று இருந்திருக்கிறது. உன் ஆடுகளின் வயிற்றில் இருக்கும் குட்டிகள் ஒன்றரைக் கிலோவாக இருக்காது. மூன்று கிலோ இருக்கலாம். ஒற்றையாக இருந்தால் அதற்கு மேலும். வழி அதற்குப் போதாது.

எப்படி நேர்ந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

ரத்தத்திலிருந்து எடுத்ததைத் தொண்ணூற்றாறு குழி உள்ள ஒரு சிறு தட்டில் ஊற்றுவோம். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். உன் ஆடுகள் ஒன்று முதல் இருபது வரை. பண்ணையின் பெரிய ஆடுகள் கடைசி வரிசைகளில். தொண்ணூற்றாறாவது குழியில் வெறும் தண்ணீர். தண்ணீரில் ஒன்றும் தெரியக் கூடாது. தெரிந்தால் வேலையில் எங்கோ தவறு என்று அர்த்தம். தட்டைத் திருப்பி வைத்துவிடாமல் இருக்க அதன் ஒரு மூலை வெட்டப்பட்டிருக்கும். அன்று உறைபெட்டியிலிருந்து எடுத்தபோது மூலை முழுக்கப் பனி. துடைக்கவில்லை. தலைகீழாகக் கருவியில் வைத்துவிட்டேன். முதலாவது கடைசியானது, கடைசி முதலாவதானது.

முடிவுத்தாளில் முதல் குழியில் ஒன்றும் வரவில்லை. கடைசிக் குழியில் வந்திருந்தது. இரண்டையும் பார்த்தேன். முதலாவதற்கு 'மாதிரி கெட்டுவிட்டது' என்று எழுதினேன். கடைசிக்கு 'தண்ணீரில் சிறு கலப்படம், பொருட்படுத்தத் தேவையில்லை' என்று எழுதினேன். ஒரே தவறுக்கு இரண்டு சமாதானம். இரண்டும் என் கையெழுத்தில், ஒரே பக்கத்தில், ஆறு வருடமாகக் கட்டில் அடியில் கிடந்தன.

வெள்ளச்சியின் ரத்தம் கெடவில்லை. அவள் பெயரில் நான் படித்தது தண்ணீரை. உன் ஆடுகளின் பெயரில் படித்தது பண்ணை ஆடுகளை. உன் ஆடுகள் கலப்பு அல்ல. வெள்ளச்சியின் மகளும் காதறுந்தவளும் இந்தச் சோதனையில் தெளிவாகத் தனி இனமாக இருக்கிறார்கள், ஐந்து ஜீன்களிலும். அந்த இனம் வேறெங்கும் மிச்சம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நீ சொன்னது சரி.

எண்பத்தொன்றாவது குழியின் பெயரில் 'சிறிய வடிவம், இரண்டு பிரதி' என்று இருந்ததே, அது உன் பதினாறாவது ஆட்டின் முடிவு. பதினாறு காதறுந்தவள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் உறையை ஒட்டிவிடலாமா என்று இந்த நாற்காலியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கத்தை நான் கண்டுபிடித்தது இன்று அல்ல. ஜூன் 29. அன்று உன் ஆடுகளுக்கு முதல் மாதம். டாக்டர் ஆளுக்கு ஓர் ஊசி போட்டிருந்தால் சினை கலைந்து, ஒரு வாரத்தில் எல்லாம் பழையபடி மேய்ந்துகொண்டிருக்கும். இது எனக்கு அன்றே தெரியும். ஒன்றாம் தேதி போன் செய்தது அதைச் சொல்லத்தான். மாப்பிள்ளை எடுத்தார், மழையைப் பற்றிக் கேட்டேன்.

உறுதி செய்துகொள்ளத்தான் காத்திருந்தேன் என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். முதல் குழி காலி, கடைசிக் குழி நிறைவு என்றால் அதற்கு மேல் உறுதி எதுவும் தேவையில்லை. இன்னொரு முறை உன்னிடம் 'நான் தவறாக எழுதிவிட்டேன்' என்று சொல்ல வேண்டியிருந்தது. முடிவுத்தாள் வந்து எனக்குப் பதில் அது சொல்லட்டும் என்று இருந்தேன்.

அண்ணன்

*

அக்டோபர் 23

அண்ணா,

உங்கள் கடிதம் பதினொன்றாம் தேதி வந்தது. டாக்டர் மறுநாளே வந்தார். பதினான்கு வயிற்றையும் தடவிப் பார்த்தார். கை கழுவிவிட்டு ரொம்ப நேரம் துண்டைத் தேடினார். துண்டு அவர் தோளிலேயே இருந்தது.

"ஜூன்லயோ ஜூலையிலயோ சொல்லியிருந்தா ஒரு ஊசிம்மா. இப்ப ஊசி போட்டாலும் இதே வழியாத்தானே வெளிய வரணும்" என்றார். வயிற்றைக் கிழித்து எடுக்கலாமா என்று கேட்டேன். ஒன்றிரண்டு என்றால் செய்வாராம். "பதினாலையும் வெள்ளிக்கிழமை பார்த்து வலி எடுக்கச் சொல்லுங்க, வர்றேன்" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. தீவனத்தை உடனே குறைக்கச் சொன்னார். ஜூனிலேயே நீங்கள் சொன்னது அதுதானே. காரணத்தோடு சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன்.

நேற்று காதறுந்தவளுக்கு வலி வந்தது. காலை ஒன்பது மணிக்கு நீர்க்குடம் உடைந்தது. இரண்டு முன்னங்கால் தெரிந்தது. ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் பருமன். தலை வரவில்லை. தலை பின்னால் மடங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் என் கை உள்ளே போகவில்லை. இவர் கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டாக்டர் வேறு பக்கம் இருந்தார். மதியம் மூன்று வரை அவள் கத்தினாள், பிறகு கத்தவில்லை. அவள் செத்த பிறகு வெட்டி எடுத்தோம். மூன்று கிலோ நூறு. நல்ல அழகான கிடாக்குட்டி. ஆபீசர் மாதிரியே. மூச்சு இல்லை.

மற்ற ஆடுகள் அந்தப் பக்கம் போக மாட்டேன் என்கின்றன. ஆபீசர் மட்டும் வேலிக்கு அந்தப் புறம் நின்று அசைபோடுகிறான். அவன் மேல் கோபப்படப் பார்த்தேன், வரவில்லை.

இன்னும் பதின்மூன்று இருக்கின்றன. நாட்களைக் கணக்குப் பார்த்தேன், நவம்பர் பதினொன்றுக்குள் எல்லாம் முடிந்துவிடும். வெள்ளச்சியின் மகளுக்கு முப்பத்தொன்றாம் தேதி வாக்கில். கிடாவோடு சேராத ஐந்தில் மூன்று கிழடு, இரண்டு மலடு. அதனால் இந்தப் பதின்மூன்றும் போனால், நீங்கள் இப்போது தூய இனம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இனமே போய்விடும். ஆறு வருடமாக நான் ஊர் வாயை மூட ஆசைப்பட்ட வரி அது. அதைப் படித்தபோது அழுதேன், சந்தோஷமா துக்கமா என்று பிரிக்க முடியவில்லை.

உங்களைத் திட்ட வேண்டும். அதற்கு இப்போது நேரம் இல்லை. குட்டிகள் பிழைக்காவிட்டாலும் பரவாயில்லை, தாய்கள் பிழைக்க வேண்டும். இந்த வீட்டில் உள்ளே போகிற அளவுக்குச் சின்னக் கை யாருக்கும் இல்லை. உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது.

போன் செய்யாதீர்கள். எழுதாதீர்கள். வாருங்கள். அழுதுகொண்டே செய்தாலும் பரவாயில்லை.

தங்கை

*

அக்டோபர் 27

அன்புள்ள தங்கைக்கு,

எழுதாதே என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். உன் கடிதம் இன்று மதியம் வந்தது.

மகனிடம் சொன்னேன். "அப்பா, உங்களுக்கு அறுபத்தெட்டு வயசு. கை நடுங்குது. டம்ளரையே ரெண்டு கையால பிடிக்கிறீங்க" என்றான். உண்மைதான். ஆனால் டம்ளரைப் பிடிப்பது வேறு, மடங்கிய தலையைத் தேடுவது வேறு. எப்படிச் செய்வேன் என்று மேசை முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி, கையைப் போர்வைக்குள் விட்டுப் பார்த்தேன். கண், தாடை, பிறகு விரல் வாயோரத்தில். கைக்கு மறக்கவில்லை என்று தோன்றியது. போர்வைக்கு வலி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். நாளைக் காலை ஆறு மணிப் பேருந்து. நாளை மறுநாள் மதியம் உன் வாசலில் இருக்க வேண்டும். பையில் இரண்டு சட்டை, சோப்பு, ஆய்வுக்கூட அம்மையார் கொடுத்த வழுக்கும் களிம்பு இரண்டு குழாய், மெல்லிய கயிறு. நகங்களை ஒட்ட வெட்டி, ஓரத்தை அரம் வைத்துத் தேய்த்திருக்கிறேன். வலது கைச் சுண்டுவிரலில் கொஞ்சம் ரத்தம் வந்தது, நாளைக்குள் ஆறிவிடும்.

தனித் தாளில் ஒன்று எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உன் ஆடுகள் கலப்பு என்று நான் எழுதிய அறிக்கை தவறு, தட்டைத் தலைகீழாக வைத்தவன் நான் என்று தேதியோடு கையெழுத்திட்டிருக்கிறேன். பண்ணைக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டேன். இது எத்தனை ஆடுகளுக்குப் பயன்படும் என்று தெரியவில்லை.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பேருந்து நிலைய வாசலில் ஒரு தபால் பெட்டி இருக்கிறது. இந்தக் கடிதத்தை அதில் போட்டுவிட்டுத்தான் பேருந்தில் ஏற வேண்டும். கடிதம் உன்னிடம் வர நான்கு நாள் ஆகும். தபால்காரர் இதைக் கொண்டுவரும்போது நான் உன் கொட்டகையில் முழங்கை வரை நனைந்து உட்கார்ந்திருப்பேன், நீ இதைப் பிரிக்கவே தேவைப்படாது.

ஆனால் நீ இதைப் பிரித்து, இந்த வரி வரை தனியாகப் படித்துக்கொண்டிருந்தால், கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, பேருந்தில் ஏறாமல் திரும்பிவிட்டேன் என்று புரிந்துகொள். எனக்காக வாசலைப் பார்க்காதே. வெள்ளச்சியின் மகளிடம் போ.

அண்ணன்